வீட்டுக்காரர் சங்கத்துக்குக் கீழே வாழ்வது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்காவும் அத்தானும் டெக்சாஸில், ஹூஸ்டன் நகரத்துக்கு வெளியே, ஒரு புதுக் குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். அந்த வீடு ஒரு வீட்டுக்காரர் சங்கத்துக்குக் கீழே இருக்கிறது. 2019இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நானும் நாலு மாதம் அங்கே நின்றேன். திரும்பி வந்து கதையைச் சொன்ன நாளில் இருந்து கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் ஊரான வட்டக்கச்சியில் யாராவது மறித்துக் கேள்வி கேட்டபடிதான். பிள்ளை அங்கே வீடு பார்க்கிறான், வாங்கச் சொல்லலாமா என்பவர்கள் ஒரு பக்கம். கிளிநொச்சிப் பக்கம் கேற் போட்ட காணித் துண்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்கள் மறுபக்கம். நான் சட்டத்தரணி இல்லை. ஊர்ச் சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்து அடிபட்டவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ‘எச்.ஓ.ஏ’ என்கிறார்களே, அது என்ன?

ஒரு கம்பனி பெருங்காணி ஒன்றை வாங்கி, றோட்டுப் போட்டு, வடிகால் வெட்டி, நூறு இருநூறு வீடு கட்டி விற்கும். விற்பதற்கு முன்னமே அந்தக் காணி முழுவதுக்கும் ஒரு விதிப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடும். வீட்டை வாங்குகிறவர் அந்த விதிகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். விதிகளை நடத்தவும் பொதுச் சொத்தைப் பார்க்கவும் வீட்டுக்காரர்களைக் கொண்ட ஒரு சங்கம். அதுதான் எச்.ஓ.ஏ. தமிழில் வீட்டுக்காரர் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது கம்பனியின் கையில் இருக்கும். வீடுகளில் பெரும்பகுதி விற்ற பிறகுதான் குடியிருப்பவர்கள் தெரிவு செய்த குழுவிடம் வரும். மாடி வீடுகளுக்கும் இதே மாதிரிச் சங்கங்கள் உண்டு. இப்படி ஏதோ ஒரு சங்கத்துக்குக் கீழே அங்கே 7 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். இலங்கைச் சனத்தொகையின் மூன்று மடங்கு.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் மாதிரியா? சேரமாட்டேன் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. இங்கே ஆர்.டி.எஸ். என்கிற கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் சந்தா கட்டாவிட்டால் பெயரை வெட்டுவார்கள், கூட்டத்தில் இரண்டு பேர் முகத்தைத் திருப்புவார்கள், அவ்வளவுதான். அங்கே அங்கத்துவம் ஆளோடு ஒட்டியது இல்லை, காணியோடு ஒட்டியது. வீட்டை வைத்திருக்கும் வரை நீங்கள் அங்கத்தவர். விலக விரும்பினால் வீட்டை விற்க வேண்டும்.

என்ன விதியெல்லாம் போடுவார்கள்?

புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. வீட்டுக்கு அடிக்கிற பெயின்ற் சங்கம் ஒப்புக்கொண்ட நிறங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். குப்பை வாளி றோட்டில் இருந்து பார்த்தால் தெரியக் கூடாது. வேலை லொறியை வாசலில் இரவில் விடக் கூடாது. வேலி போடுவதென்றால் படம் கீறிக் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். குடியிருப்புக்குக் குடியிருப்பு பட்டியல் மாறும்.

அம்மாவின் மிளகாய்க் கதையைச் சொன்னால் விளங்கும். அங்கே போய் இரண்டாம் கிழமை சந்தையில் பழமிளகாய் மலிவாகக் கிடந்தது. அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. கராஜ் வாசலில், நல்ல வெயில் படுகிற சீமெந்துத் தரையில், பழைய படுக்கைச் சீலையை விரித்து, பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வைத்து, செத்தல் போட்டா. நாலு நாளில் சலசலவென்று காய்ந்துவிட்டது. வறுத்துத் தூளாக்கிப் போத்தலில் போட்ட பிறகு ஒரு கடிதம் வந்தது. உள்ளே கலர்ப் படம்: மிளகாய், நாலு கல், ஓரத்தில் அம்மாவின் செருப்பு. வீட்டு முன்பக்கத்தில் பொருத்தமில்லாத பொருட்கள் இருப்பதாகவும் 14 நாளுக்குள் அகற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அத்தான் வாசித்துக் காட்டினார். அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் எடுத்திருக்கிறாங்கள். ஆராவது வந்து கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாமே?” என்றா.

எனக்கு உறைத்தது அந்தக் கேள்விதான். கடிதம் அனுப்பியது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. சங்கம் காசு கொடுத்து வைத்திருக்கிற முகாமைக் கம்பனி. அதன் ஆள் காரில் சுற்றிப் படம் எடுப்பார், கணினி கடிதம் அடிக்கும். எங்கள் ஊரில் என்றால் வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள், இல்லை சண்டை பிடித்திருப்பார்கள். அது நல்லதா என்று கேட்டால் அதிலும் ஒரு குறை உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருப்பதால் இங்கே எத்தனையோ விஷயம் சொல்லாமலே போகிறது.

கோலம், தோரணம், துணி காயவிடுவது எல்லாம் தடையா?

சங்கத்தின் கைக்கு மேலே சட்டத்தின் கை உண்டு. ஒரு மீற்றருக்கு உட்பட்ட சற்றலைற் டிஷ் போடுவதைத் தடுக்கக் கூடாது என்று 1996இலேயே அங்கே மத்திய அரசு விதி வந்துவிட்டது. டிஷ் வைத்துத் தமிழ்த் தொலைக்காட்சி பார்த்த குடும்பங்களுக்கு அது பெரிய உபகாரம். வீட்டு வாசலில் சமய அடையாளம் வைப்பதைச் சங்கங்கள் பொதுவாகத் தடுக்க முடியாதபடி டெக்சாஸில் 2021இல் சட்டத்தை விரித்தார்கள். புளோரிடா போன்ற சில மாநிலங்களில் துணி காயவிடும் கொடிக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் பிள்ளை எந்த மாநிலத்தில் வாங்குகிறான் என்று முதலில் கேளுங்கள்.

சந்தா எவ்வளவு?

மாதம் சில பத்து டொலரில் இருந்து பல நூறு டொலர் வரை. நீச்சல் குளம், வாசல் காவல், லிஃப்ற் என்று கூடக் கூடச் சந்தாவும் கூடும். வீட்டுக் கடன் கட்டி முடிந்தாலும் இது முடியாது. அதைவிட முக்கியம், பெரிய திருத்த வேலை வந்தால் ஒரேயடியாகக் கேட்கிற விசேஷ அறவீடு. வாங்கும்போது இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

கட்டாவிட்டால்?

தண்டம், வட்டி, சட்டத்தரணிக் கூலி. பிறகு வீட்டின் மேல் பற்று, அதாவது கடன் தீரும் வரை வீட்டையே பிணையாகப் பிடிக்கிற உரிமை. பல மாநிலங்களில் வீட்டை ஏலத்தில் போடும் அளவுக்குச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு. சில நூறு டொலர்ச் சந்தா நிலுவை சட்டச் செலவோடு சேர்ந்து ஆயிரக்கணக்காக வீங்குகிறது. கோபத்தில் சந்தாவை நிறுத்துகிறவர்கள்தான் அநேகம் மாட்டிக்கொள்கிறார்கள். சண்டை பிடிப்பதென்றால் காசைக் கட்டிவிட்டுப் பிடியுங்கள்.

அப்படியென்றால் நன்மை ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அதுவும் சின்ன நன்மை இல்லை.

அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். குளம் என்றால் எங்கள் குளம் இல்லை, மழைத் தண்ணீர் வந்து தேங்குவதற்கென்று வெட்டிய பள்ளம். ஹூஸ்டன் தட்டை நிலம். 2017 ஓகஸ்டில் ஹார்வி புயல் மழை அந்த நகரத்தை எப்படி முக்கியது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். இப்படியான குளங்களையும் அவற்றுக்குப் போகிற வடிகால்களையும் பல குடியிருப்புகளில் சங்கம்தான் துப்பரவாக வைத்திருக்கிறது. அக்காவின் சந்தாவில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. நான் நின்ற நாட்களில் இரண்டு பேர் வள்ளத்தில் வந்து, வாய்க்கால் திறக்கிற இடத்தில் அடைத்திருந்த செத்தைகளை வாரி எடுத்தார்கள். வாய்க்கால் துப்பரவுக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக அலைந்த எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அப்புறம் பக்கத்து வீட்டு விஷயம். உடைந்த லொறியை வாசலில் வருடக்கணக்காகப் போட்டு வைக்கிற மனிதர் பக்கத்தில் இருந்தால் உங்கள் வீட்டின் விலையும் போகும். அவரோடு நீங்கள் நேரே மோத வேண்டாம், சங்கம் பார்த்துக்கொள்ளும். பூங்கா, நடைபாதை, விளக்கு எல்லாம் தனியாக ஒருவரால் முடியாதவை, சேர்ந்து காசு போட்டால் முடிகிறவை. வயது போனவர்களுக்குப் புல் வெட்டுவது, கூரை பார்ப்பது வரை செய்து கொடுக்கிற சங்கங்களும் இருக்கின்றன.

நான் இதை இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். ஒருவர் செய்யாமல் விட்டால் மற்றவர் காணிக்குள் தண்ணீர் வரும் என்கிற விஷயத்தில் சங்கம் கட்டாயம் வேண்டும், பல்லும் வேண்டும். ஒருவரின் மிளகாய் மற்றவரின் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்கிற விஷயத்தில் சங்கத்துக்கு வேலை இல்லை. இரண்டையும் ஒரே பத்திரத்தில், ஒரே தண்டப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வன்னியில் இதற்குச் சமமானது என்ன?

பெயர் வேறு, சாமான் பழையது. காலபோகம், அதாவது மாரி நெற்செய்கை, தொடங்க முன்னர் நடக்கிற கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரணைமடு போன்ற பெரிய குளத்துக்கு ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனத்தார், கமநல சேவையினர், கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் வந்து குந்துவார்கள். விதைப்புக் கடைசித் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, வாய்க்கால் துப்பரவாக்கி முடிக்கும் திகதி, வயல் பக்கம் இருந்து மாடுகளை அகற்றும் திகதி எல்லாம் அங்கேதான் முடிவாகும். கோடையில் செய்கிற சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா ஏக்கருக்கும் காணாது. இருக்கிற நீருக்கு எத்தனை ஏக்கர், அதை யார் யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதுதான் கூட்டத்தின் உண்மையான சண்டை. முடிவானால் முடிவுதான். “என் வயல், என் இஷ்டம், நான் மூன்று கிழமை பிந்தி விதைப்பேன்” என்றால் உங்கள் ஒருவருக்காக வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும், அது குளத்தைக் குடிக்கும்.

இதன் வேர் ஆழமானது. பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு ஆங்கிலேயர் 1856இல் சட்ட வடிவம் கொடுத்தார்கள். தண்ணீர் பங்கிட வட்டவிதானையார் இருந்தார். 1958இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டு வந்தது. இன்றைய கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழே இயங்குகின்றன. ஆக, காணியோடு ஒட்டிய கடமை என்பது எங்களுக்கு அமெரிக்காவில் இருந்து வந்த புதினம் இல்லை.

கட்டாக்காலி மாட்டு விஷயத்தில் மட்டும் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம். கூட்டத்தில் திகதி போடுவார்கள், கை உயர்த்துவார்கள். திகதி கடந்து பத்தாம் நாள் இரவு, கதிர் பால் பிடிக்கிற நேரம், வயலுக்குள் முப்பது மாடு நிற்கும். பிடித்துக் கட்டினால் மாட்டுக்காரர் எங்கள் சொந்தக்காரராக இருப்பார். தண்டம் எழுதப் பேனையை எடுத்தால் பெரியம்மா வந்து முற்றத்தில் நிற்பா. அந்த இரவுகளில் அக்காவின் முகாமைக் கம்பனியை நான் நினைத்தது உண்டு.

காணி பேமிட்டில் இருக்கிற நிபந்தனைகளும் இதே மாதிரித்தானே?

ஓம், ஒரு வகையில். குடியேற்றத் திட்டக் காணிகள் அநேகம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வந்தவை. அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, நினைத்தபடி துண்டாட முடியாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் போடாமல் ஒருவர் இறந்தால் பிள்ளைகளில் ஆணுக்கு முன்னுரிமை என்று இருந்ததை 2022இல்தான் திருத்தினார்கள். அதற்குள் எத்தனை பெண் பிள்ளைகளின் காணி கை மாறிப்போனது என்று ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு கதை உண்டு.

ஒரு வித்தியாசம்: வீட்டுக்காரர் சங்கத்தின் விதியை அங்கத்தவர்கள் வாக்குப் போட்டு மாற்றலாம். பேமிட்டின் நிபந்தனையை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும்.

கொழும்பில் மாடி வீடு வாங்கினால்?

அங்கே எங்கள் சட்டமே இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும். வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் படிக்கட்டு, லிஃப்ற், தண்ணீர்த் தாங்கி போன்ற பொதுப் பகுதிகளைப் பார்க்க வேண்டும், பராமரிப்புக் காசும் கட்ட வேண்டும். வெள்ளவத்தையில் வாங்குகிறவர்கள் கடல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், கூட்டுத்தாபனம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பதில்லை. கட்டியவர் இன்னும் அதைத் தன் கையில் வைத்திருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

சந்தா குறைந்த இடத்தில் வாங்குவது புத்திசாலித்தனம்தானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் நீட்டிப் பதில் சொல்லப் போகிறேன்.

புளோரிடாவில் சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில் 1981இல் கட்டிய 12 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவு கடந்த நேரத்தில் அதில் ஒரு பெரிய பகுதி அப்படியே இடிந்து விழுந்தது. 98 பேர் செத்தார்கள். கொங்கிறீற்றில் பாரிய சேதம் இருக்கிறது என்று 2018இலேயே பொறியியலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். திருத்த ஏறத்தாழ 1.5 கோடி டொலர் வேண்டும். சேமிப்பில் அந்தளவு காசு இல்லை. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் பெருந்தொகை போட வேண்டும். கூட்டம், வாக்குவாதம், குழுவில் விலகல் என்று காலம் போய், விசேஷ அறவீட்டுக்கு முடிவெடுத்து, முதல் தவணை கட்டுவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது கட்டடம் போய்விட்டது. விழுந்ததற்கு வடிவமைப்புக் குறை போன்ற காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் சந்தாவின் தலையில் போட முடியாது. ஆனால் புளோரிடா அடுத்த வருடமே, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள இப்படியான கட்டடங்களுக்குத் திருத்தச் சேமநிதி கட்டாயம் என்று சட்டம் போட்டது. அதனால் இப்போது சந்தா பாய்ந்து ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் வீட்டை விற்கிறார்கள். இத்தனை வருடமும் கட்டாமல் விட்டதை இப்போது ஒரே நேரத்தில் கட்டுகிறார்கள்.

எங்கள் ஊர்க் கதை இதைவிடச் சின்னது, ஆனால் அதே கதை. குடிநீர்ச் சங்கம் ஒன்றில் நான் செயலாளர். குழாய்க் கிணறு, தாங்கி, எண்பது சொச்ச வீட்டுக்குப் பைப். திட்டத்தைத் தந்தவர்கள் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தேய்மானத்துக்கு ஒதுக்கச் சொல்லிச் சங்கத்தின் யாப்பில் எழுதியே தந்தார்கள். கூட்டத்தில் சனம் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னது. குறைத்தோம். கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை ஒளிப்பதில் அர்த்தம் இல்லை. 2022 ஓகஸ்டில் நாடு முழுவதும் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியபோது மோட்டர் பில்லுக்கே வசூல் காணவில்லை. அடுத்த வருடம் மோட்டர் எரிந்தது. பொருளாளர் வங்கிப் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தார். மோட்டரைத் திரும்பச் சுற்றும் கூலிக்கே காசு இல்லை. ஆறு கிழமை பெண்கள் குடத்தையும் கானையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாடசாலைக் கிணற்றுக்குப் போனார்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி உரக்கக் கத்தியவர் வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பிய காசில் தனக்கென்று தனிக் குழாய்க் கிணறு அடித்துக்கொண்டார்.

ஆகவே வாங்கப் போகிற இடத்தில் சந்தா எவ்வளவு என்று கேட்காதீர்கள். சேமநிதியில் எவ்வளவு கிடக்கிறது, கடைசியாக எந்த வருடம் பெரிய திருத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள்.

இந்தச் சங்கங்கள் ஆட்களை ஒதுக்குவதற்கும் பயன்பட்டதாமே?

உண்மை. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முதற் பாதியில் பல குடியிருப்புப் பத்திரங்களில் கறுப்பினத்தவருக்கும், பல இடங்களில் யூதருக்கும் ஆசியருக்கும் விற்கக் கூடாது என்று எழுதியே இருந்தது. அப்படியான விதியை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1948இல் தீர்ப்புச் சொன்னது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டை 1968இன் சட்டம் தடை செய்தது. சில பழைய பத்திரங்களில் அந்த வரி செல்லாக்காசாக இன்னும் கிடக்கிறது. அக்காவின் தெருவில் இப்போது தெலுங்கர், மெக்சிக்கர், நைஜீரியர் எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் புல் கடிதம் சமமாக வருகிறது.

எங்கள் பக்கம் பத்திரத்தில் எழுதுவதில்லை. எழுதாமலே நடக்கும். 1958க்குப் பிறகும் 1977க்குப் பிறகும் கலவரத்துக்குத் தப்பி மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் பலருக்குப் பாசனக் காணி கிடைக்கவில்லை. வயலில் கூலிக்கு நிற்பவர்கள் அவர்கள், போகக் கூட்டத்தில் வாயில்லாதவர்களும் அவர்களே. குத்தகைக்குச் செய்கிறவர் கூட்டத்துக்கு வந்தாலும் காணிக்காரரின் சொல்தான் ஏறும். அமெரிக்கச் சங்கத்திலும் வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு இல்லை. இதில் இரண்டு நாட்டுக்கும் ஒரே புத்தி.

ஒரே ஆள் வருடக்கணக்காகத் தலைவராக இருக்கிறாரே, எப்படி மாற்றுவது?

கூட்டத்துக்குப் போய். வேறு மந்திரம் இல்லை. அக்காவின் குடியிருப்பில் நானூறு வீட்டுக்கு மேல், வருடாந்தக் கூட்டத்துக்கு வந்தது முப்பது பேர் அளவில். எங்கள் ஊரிலும் நிவாரணம் கதைக்கிற கூட்டம் என்றால் கதிரை காணாது, கணக்கறிக்கை வாசிக்கிற கூட்டம் என்றால் மரத்தடியே காணும். தலைவரைத் திட்டுகிறவர்கள் அநேகமாகக் கடைசியாக எப்போது கூட்டத்துக்கு வந்தார்கள் என்று அறிக்கைப் புத்தகத்தில் பார்க்கலாம். கையெழுத்து இருக்காது.

மாதர் சங்கங்களைப் பார்த்துப் படிக்கலாம். கடன் கணக்கு இருப்பதால் அவர்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள், ஒவ்வொரு ரூபாவும் வாய்விட்டு வாசிக்கப்படுகிறது.

கிளிநொச்சியில், வவுனியாவில் கேற் போட்ட காணித் துண்டு விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கேற்றைப் பார்த்து வாங்காதீர்கள். உள் றோட்டு யாருடையது என்று முதலில் கேளுங்கள். பிரதேச சபையிடம் பாரம் கொடுத்த றோட்டா, இல்லை விற்பவரின் பெயரிலேயே கிடக்கிறதா? பாரம் கொடுக்காத றோட்டில் குழி விழுந்தால் கொட்டுகிற கிரவலுக்கு நீங்கள்தான் காசு சேர்க்க வேண்டும். வடிகால் எங்கே போய் விழுகிறது என்று மாரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தை மாதத்தில் காட்டுகிற காணி எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். பராமரிப்புக் காசு என்று ஏதாவது கேட்டால், அது யாருடைய கணக்குக்குப் போகிறது, அந்தக் கடமை காணி உறுதியில் எழுதியிருக்கிறதா, விற்பவர் போன பிறகு யார் நடத்துவது என்று எழுத்தில் வாங்கி உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். விற்பவர் காட்டுகிற சட்டத்தரணியிடம் இல்லை.

காணிக்காரர் கனடாவில். காணி பற்றைக் காடு. பாம்பும் நுளம்பும் எங்களுக்கு. என்ன செய்யலாம்?

வன்னியின் உண்மையான எச்.ஓ.ஏ. பிரச்சினை இதுதான் என்று நான் நினைப்பதுண்டு. போர் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது எல்லைக் கல்லே தெரியாத காணிகளை எல்லாம் வெட்டித் துப்பரவாக்கினோம். இப்போது ஆள் இல்லாத வளவுகள் மறுபடி மூடிக் கிடக்கின்றன. அமெரிக்கச் சங்கம் என்றால் புல் வெட்டுவித்து, பில்லைச் சொந்தக்காரருக்கு அனுப்பும். இங்கே கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் எழுதிக் கொடுக்கலாம், டெங்குப் பிரச்சினை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவித்தல் கொடுப்பார். அதற்கு முன்னம் ஒன்று செய்து பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் மூடிக் கிடந்த வளவை நாலு பக்கமும் படம் எடுத்து, சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, துப்பரவுக் கூலி இவ்வளவு என்று போட்டோம். அடுத்த நாள் காசு வந்தது. முகாமைக் கம்பனியிடம் படித்த ஒரே வித்தை.

ஊர்ச் சங்கத்தில் கணக்குக் காட்டுகிறார்கள் இல்லை. எங்கே போவது?

எந்தச் சங்கம் என்பதைப் பொறுத்தது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் என்றால் பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர். கமக்காரர் அமைப்பு என்றால் கமநல சேவை நிலையம். வாயால் சொல்ல வேண்டாம். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். சங்கத்துக்கு அரசாங்க வேலை ஒப்பந்தமோ நிதியோ வந்திருந்தால், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அந்தத் திணைக்களத்திடமே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் இருங்கள். எங்கள் சங்கத்தில் ஒருவர் கேட்கப் போவதாகத் தேநீர்க் கடையில் சொன்ன அன்று இரவே, இரண்டு வருடம் காணாமல் இருந்த கணக்குப் புத்தகம் கிடைத்தது. பாதி ஒற்றையைக் காணவில்லை.